ஆட்டு விலைக்குப் போற இரட்டைக் குழல்

நல்ல வெள்ளாட்டுக் கிடா ஒண்ணு இன்னைக்குச் சந்தையில பத்தாயிரத்துக்குக் குறைஞ்சு வராதுங்க. ஆனா எங்க சுத்துவட்டாரத்துல ரெண்டு வருசத்துக்குள்ள மூணு இரட்டைக் குழல் துப்பாக்கி டவுனுக்குப் போச்சு. மூணுல ஒண்ணு கூட அந்தக் கிடா விலைக்குப் போகல. மூணாயிரம், நாலாயிரம், ஒண்ணு வெறும் ரெண்டாயிரத்து ஐநூறு. குடுத்துட்டு வந்தவங்களும் "தொல்லை விட்டுது"ன்னு சந்தோசமா டீ குடிச்சுட்டு வந்தாங்க. இந்தச் சந்தோசத்தை வெச்சுத்தான் துப்பாக்கிக் கடைக்காரங்க பொழைக்கறாங்கன்னு நான் சொல்றேன். கோவம் வர்றவங்களுக்கு வரட்டும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குத் துப்பாக்கி மேல மோகம் ஒண்ணும் கிடையாது. எங்க அப்பாரு காலத்துல மருந்து கெட்டிச்சுச் சுடற ஒத்தைக் குழல் ஒண்ணு பரண்ல இருந்துச்சு. கடலைக்காட்டுல பன்னி இறங்கினா வெறும் சத்தத்துக்கு ஒரு வெடி. அவ்வளவுதான் அதோட வேலை. இது வேட்டை பத்தின பேச்சும் இல்லீங்க. நம்ம வீட்டுப் பொருள் ஒண்ணு, சட்டப்படி நம்ம பேர்ல பதிவாகி இருக்கற பொருள், அதுக்கு உள்ள விலை நம்ம கைக்கு வருதா இல்லையாங்கறதுதான் பேச்சு. மஞ்சளுக்கு விலை இல்லைன்னா ரோட்டுல உக்காருறோம். பாலுக்கு ஒரு ரூபா குறைச்சா சொசைட்டி முன்னாடி கத்தறோம். இதுக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறோம்?

வெளியூர்ல இருக்கற சின்னப் பசங்களுக்கு இது புதுசா இருக்கும். ஊர்ல யாருகிட்டங்க துப்பாக்கி இருக்குன்னு கேப்பீங்க. மலையடிவாரத்து ஊருங்கள்ல இருக்கு. 1959 ஆயுதச் சட்டத்துலயே அதுக்கு இடம் உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கற துப்பாக்கி, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரி இல்லாத வழவழப்புக் குழல் துப்பாக்கி, இதுங்களுக்கு லைசன்ஸ் தரலாம்னு 13-ஆம் பிரிவு சொல்லுது. அந்தக் காலத்துப் பண்ணயக்காரங்க, மிராசுங்க, காப்பித் தோட்டம் வெச்சிருந்தவங்க வாங்கினது 12 போர் தோட்டாத் துப்பாக்கி. ஒத்தைக் குழலுக்கு எஸ்.பி.பி.எல்., இரட்டைக் குழலுக்கு டி.பி.பி.எல்.னு லைசன்ஸ் புத்தகத்துல எழுதியிருக்கும்.

இப்ப ஏன் எல்லாரும் விக்கறாங்க? காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. பன்னி காட்டையே உழுது போட்டாலும் அதைச் சுட நமக்கு உரிமை கிடையாது. அப்பறம் துப்பாக்கி எதுக்கு? தேர்தல்னு வந்தா ஸ்டேசன்ல கொண்டு போய் ஒப்படைக்கணும். 2019-ல நாடாளுமன்றத் தேர்தல், அந்த வருசக் கடைசியிலயே ஊரக உள்ளாட்சி, 2021-ல சட்டமன்றம், 2024-ல மறுபடி நாடாளுமன்றம். ஒவ்வொரு தடவையும் சாக்குல சுத்திப் பஸ்ஸுல எடுத்துக்கிட்டுப் போய், திருப்பி வாங்க நாலு நடை நடந்து, திரும்பி வர்றப்ப கட்டையில ஒரு கீறல். பெரியவர் காலமாயிட்டா திருப்பூர்லயோ பெங்களூர்லயோ இருக்கற பையனுக்கு அது தலைவலி. 2019 டிசம்பர்ல சட்டத்தைத் திருத்தி, ஒருத்தர் மூணு வரைக்கும் வெச்சுக்கலாம்னு இருந்ததை ரெண்டாக் குறைச்சாங்க. மிச்சத்தை ஒரு வருசத்துக்குள்ள ஒப்படைக்கணும்னு கெடு. வித்தே ஆகணும்னு கெடு வெச்ச பொருளுக்கு யார் விலை வைப்பாங்க? வாங்கறவன்தான்.

கடையில சொல்ற பாட்டு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். "இதையெல்லாம் இப்ப யாருங்க வாங்கறா?" "புது லைசன்ஸே யாருக்கும் தர்றதில்லீங்களே." "குழலுக்குள்ள குழி விழுந்திருக்குங்க." "கட்டை வெடிச்சிருக்கு, மாத்தணும்." "ரொம்பப் பழைய மாடலுங்க, பார்ட்ஸ் கிடைக்காது." கடைசியா ஒரு பெருமூச்சு. "வேணும்னா வெச்சுட்டுப் போங்க, உங்களுக்காக ஒரு மூணாயிரம் போட்டுக்கறேன்." உங்களுக்காகவாம்!

நியாயத்தையும் சொல்லணும். கடைக்காரருக்குச் செலவு உண்டு. டீலர் லைசன்ஸ், கெட்டியான ஸ்டோர் ரூம், வாங்கினது வித்ததுக்கெல்லாம் ரிஜிஸ்தர், அதிகாரிங்க வந்து பாக்கற சோதனை, இதெல்லாம் சும்மா வராது. ஒரு துப்பாக்கி விக்க ரெண்டு வருசமும் ஆகும், அஞ்சு வருசமும் ஆகும். அதுவரைக்கும் காசு முடங்கும். அதனால முப்பதாயிரத்துக்குப் போற பொருளை இருபதாயிரத்துக்குக் கேட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன். யாவாரம்னா லாபம் வேணும். முப்பதாயிரத்துப் பொருளுக்கு மூணாயிரம் சொல்றதுக்குப் பேரு லாபம் இல்ல. அது எதிர்ல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கற தைரியம்.

மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேசறதை வெளியூர்க்காரங்க கேலி பண்ணுவாங்க. ஆனா அந்தத் துண்டுக்குள்ள ரெண்டு கையும் சமம். பல்லு பாத்து வயசு சொல்ல எனக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். சுழி எங்கே இருக்கு, கால் எப்படி ஊணுது, ரெண்டு பேரும் பாத்தாச்சு. துப்பாக்கிக் கடையில அப்படி இல்ல. அவருக்கு எல்லாம் தெரியும். நமக்கு அது "அப்பாரு துப்பாக்கி"ங்கறது மட்டும்தான் தெரியும். அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம பொருளை நாமே பாத்துக்கணும்.

துப்பாக்கியை மடக்கித் தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, குழலை வானத்தைப் பாத்துப் புடிச்சு உள்ளே பாருங்க. கண்ணாடி மாதிரி வட்டம் வட்டமாத் தெரிஞ்சா நல்ல குழல். கருப்புப் புள்ளி அங்கங்க இருந்தா துரு. துரு எல்லாமே குழி ஆகாது, எண்ணெய்த் துணி போட்டு இழுத்தாலே பாதி போயிரும். கடைக்காரர் "குழி"ன்னு சொல்றது பல நேரம் நாம தொடைக்காம விட்ட அழுக்கு. வெளிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்க, சொட்டை விழுந்திருந்தா கைக்குத் தெரியும். முன்கட்டையைக் கழட்டிட்டு, குழலை மூடின மேனிக்கே லேசா ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா கீல் தேஞ்சிருக்கு, அதுக்கு விலை குறையறது நியாயம்தான். ஆடாம இறுகி நின்னா அந்தத் துப்பாக்கிக்கு இன்னும் ஆயுசு இருக்கு.

அடுத்தது எழுத்து. குழல் மேல, மடக்கற இடத்துக்கு அடியில, பூட்டுப் பக்கத்துல என்னென்ன பொறிச்சிருக்குன்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்து, இல்லாட்டி செல்போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் பாத்து, ஒரு காகிதத்துல எழுதுங்க. உள்ளூர்ல செஞ்சதா, வெளிநாட்டுதா? இதுலதான் பெரிய காசு ஒளிஞ்சிருக்கு. 1980-களின் நடுவுல இருந்து தனியாருக்குத் துப்பாக்கி இறக்குமதி பண்றதை நம்ம அரசாங்கம் அடைச்சுருச்சு. அதனால அதுக்கு முன்னாடி வந்த இங்கிலீஷ், பெல்ஜியம், ஜெர்மன் துப்பாக்கிங்கதான் இங்கே சுத்திச் சுத்தி வருது. புதுசா வர வழி இல்லாத சரக்கு. வெப்லி அண்ட் ஸ்காட், கிரீனர், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், இப்படி ஒரு பேர் இருந்தா எடுத்த எடுப்புல தலையாட்டாதீங்க. "பழைய மாடல்"னு கடைக்காரர் உதட்டைப் பிதுக்கற அதே துப்பாக்கி, அடுத்த மாசம் வேற ஒருத்தருக்கு "இங்கிலீஷ் துப்பாக்கிங்க, இனிமே வராது"ன்னு சொல்லித்தான் விக்கப்படும். பழசுங்கறது வாங்கும்போது குத்தம், விக்கும்போது பெருமை.

பேருக்குப் பக்கத்துல சின்னச் சின்னதாக் கிரீடம் போட்ட முத்திரை இருக்கும். அது குழலைச் சோதிச்சுப் பாத்ததுக்கு அடையாளம். பர்மிங்காம்ல 1954-க்கு அப்பறம் சோதிச்சதுன்னா கிரீடத்துக்குக் கீழே இங்கிலீஷ்ல பி.என்.பி.ன்னு மூணு எழுத்து. புகையில்லாத மருந்துக்கு அந்தக் குழல் தாங்கும்னு அர்த்தம். குழல்மேல தண்ணி அலை மாதிரி, மரத்து ரேகை மாதிரி கோடு ஓடினா அது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செஞ்ச பழைய வேலை. பாக்க அழகு. ஆனா அதுல பெரும்பாலானது கருமருந்துக் காலத்துக்காகச் செஞ்சது, இன்னைக்குத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடாது. அதுக்குக் கடைக்காரர் விலை குறைச்சா நாம ஒத்துக்கத்தான் வேணும். தோட்டா உக்கார்ற அறையோட நீளமும் பாக்கணும். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிங்க பலதுல அது இரண்டரை அங்குலம், இப்ப வர்ற தோட்டாங்க பலது இரண்டே முக்கால் அங்குலத்து அறைக்கானது. இதுவும் விலையைக் கொஞ்சம் இறக்கற சமாச்சாரம்தான். சொன்னா ஒத்துக்குங்க, தெரிஞ்சு ஒத்துக்குங்க.

மருந்து கெட்டிக்கற ஒத்தைக் குழலுக்கு மட்டும் சண்டை போடாதீங்க. அதுக்கு வாங்க ஆளும் கம்மி, விலையும் கம்மி. எங்க வீட்டுதையே விலை பேசாம ஸ்டேசன்ல ஒப்படைச்சு லைசன்ஸை ரத்து பண்ணிட்டோம்.

இப்ப நான் இதை எழுத உக்காந்ததுக்குக் காரணமான விசயம். பக்கத்து ஊர்ல எனக்கு அத்தை முறை ஆகணும் ஒருத்தங்க. மாமா காலமாகி மூணு வருசம். காரியம் முடிஞ்ச கையோட, துப்பாக்கி வீட்டுல இருக்கக் கூடாதுன்னு யாரோ பயமுறுத்த, டவுன்ல ஒரு கடையில கொண்டு போய் டெபாசிட் பண்ணிட்டாங்க. பண்ணது சரிதான், சட்டமும் அதைத்தான் சொல்லுது. லைசன்ஸ் செல்லாமப் போனா தாமதிக்காம ஸ்டேசன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். ரசீதும் குடுத்தாங்க. போன வருசம் அத்தைக்கு முட்டி ஆபரேசன். காசு வேணும். பையனை அனுப்பி, "அந்தத் துப்பாக்கியை நீங்களே எடுத்துக்கிட்டு ஒரு விலை குடுங்க"ன்னு கேக்கச் சொன்னாங்க.

கடைக்காரர் காகிதத்துல கணக்குப் போட்டுக் காட்டினாராம். துப்பாக்கி விலை 4,000. மூணு வருசமாப் பாதுகாத்து வெச்சதுக்கு மாசம் 150 வீதம் 36 மாசத்துக்கு 5,400. "கணக்குப்படி நீங்கதான் தம்பி எங்களுக்கு 1,400 தரணும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லேங்கறீங்க, அதை விட்டுடறேன். இந்தக் காகிதத்துல அம்மாகிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுத்துருங்க." அந்தப் பையன் நன்றி சொல்லிட்டு வந்திருக்கான்! கடன் தள்ளுபடி ஆன மாதிரி.

அந்தக் காகிதத்தை அத்தை என்கிட்டக் குடுத்து, "ஏஞ்சாமி, இதுல கையெழுத்துப் போடட்டுமா?"ன்னு கேட்டாங்க. வாடகைக் கணக்கு அதுல எங்கேயும் இல்ல. 'எங்கள் முழுச் சம்மதத்துடன் விற்பனை செய்து தொகையைப் பெற்றுக்கொண்டோம்'னு இருக்கு. தொகை போடற இடம் காலி. பழைய ரசீதை எடுத்துப் பாத்தேன். அதுலயும் வாடகைங்கற வார்த்தையே இல்ல. ஆனா துப்பாக்கி விவரம் எழுதியிருக்கு: 12 போர் இரட்டைக் குழல், வெப்லி அண்ட் ஸ்காட், நம்பர் சகிதம்.

ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவைப் படிச்சவங்க ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்க? நானே பத்தாவது வரைக்கும் படிச்சவன். வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருக்கற மச்சான் ஒருத்தர் வெச்சிருந்த புத்தகத்தை வாங்கி, எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். டெபாசிட் பண்ணது டெபாசிட்தான், விக்கறது இல்ல. பண்ணவரோ, அவர் இறந்துட்டா சட்டப்படி வாரிசோ, குறிச்ச காலத்துக்குள்ள அதைத் தகுதி உள்ள யாருக்கு வேணும்னாலும் விக்கலாம், வித்த காசை வாங்கிக்கலாம்னு தெளிவா எழுதியிருக்கு. டெபாசிட் வாங்கின கடைக்கே விக்கணும்னு எங்கேயும் இல்ல. அந்தக் காலம் தாண்டினா மட்டும் அது அரசாங்கத்துக்குப் போயிரும். அதனால ஒப்படைக்கற அன்னைக்கே கடைசி நாள் எதுன்னு ரசீதுல எழுதி வாங்கிக்கணும்.

வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், கூடப் பொறந்தவங்களோட சம்மதக் கடிதம் எல்லாம் எடுத்துக்கிட்டுப் பையனோட நானும் கடைக்குப் போனேன். போன நேரத்துல வேற ஒருத்தர் செவுத்துல மாட்டியிருந்த இங்கிலீஷ் இரட்டைக் குழல் ஒண்ணைக் காட்டி விலை கேட்டுக்கிட்டு இருந்தாரு. "அறுபதாயிரம் ஆகுங்க, பாத்துப் போட்டுத் தர்றேன்"னு சொல்லிக்கிட்டு இருந்தாரு கடைக்காரர். எங்களைப் பாத்ததும் குரல் தணிஞ்சுது. ரசீதை நீட்டி, "வாடகை இதுல எங்கேங்க இருக்கு?"ன்னு மட்டும் கேட்டேன். சத்தம் போடல. சத்தம் போட்டா "நீங்க ஸ்டேசன்லயே பேசிக்குங்க"ன்னு முடிச்சுருவாங்க. அரைமணி நேரம் பேசினதுல 4,000 பன்னண்டாயிரம் ஆச்சு. வேண்டாம்னுட்டு வந்தோம்.

நீலகிரிப் பக்கம் எஸ்டேட் வெச்சிருக்கறவர் ஒருத்தர், வாங்கறதுக்கு லைசன்ஸ்ல இடம் வெச்சுக்கிட்டு நல்ல இரட்டைக் குழல் தேடிக்கிட்டு இருக்கறதா மச்சான் மூலமாத் தெரிஞ்சுது. கலெக்டருக்கும் ஸ்டேசனுக்கும் எழுதிக் குடுத்து, காத்திருந்து, கடையிலயே வெச்சுக் கைமாத்தினோம். 38,000. கடைக்கு வெச்சுப் பாதுகாத்த கூலின்னு 1,500 குடுத்தோம், அதுல எனக்கு மனத்தாங்கல் இல்ல. அதே துப்பாக்கிக்கு முதல்ல அவங்க போட்ட கணக்குல அத்தை 1,400 கடன்காரி.

எழுதிக் குடுத்துக் காத்திருந்தோம்னு சொன்னேனே, அதுதான் ஊர்ல யாருக்கும் தெரியாத சமாச்சாரம். துப்பாக்கியைக் கடைக்குத்தான் விக்க முடியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். ஆபீஸ்லயும் கேட்டா "டீலர்கிட்டக் குடுத்துருங்க"ன்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கு அது ஒரு காகிதத்தோட முடியற வேலை. ஆனா அதே சட்டத்துல 5-ஆம் பிரிவு ரெண்டாவது உட்பிரிவு என்ன சொல்லுது? சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வெச்சிருக்கற துப்பாக்கியை, வாங்கத் தகுதி உள்ள இன்னொருத்தருக்கு நேராவே விக்கலாம். அதுக்கு டீலர் லைசன்ஸ் வேண்டியதில்ல. யாருக்கு விக்கப்போறோம்னு அவரோட பேர், விலாசம் போட்டு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேசன் அதிகாரிக்கோ எழுத்துல தெரிவிக்கணும். தெரிவிச்சு 45 நாள் கழியணும். அப்பறம் கைமாத்தி, ரெண்டு பேர் லைசன்ஸ்லயும் பதிவு பண்ணிக்கணும்.

45 நாள்ங்க. வெண்டை விதை ஊணினா முதல் பறிப்புக்கு வர்ற காலம். அந்தக் காலத்துக்குப் பொறுத்துக்க முடியாமத்தான் முப்பதாயிரத்தை விட்டுட்டு வர்றோம்.

இன்னொண்ணு. விக்கறதுக்கு முன்னாடி, வீட்டுல யாராவது வெச்சுக்க விரும்பறாங்களான்னு கேளுங்க. 2016 ஆயுத விதிகள்ல, லைசன்ஸ்காரர் இறந்த பிறகு வாரிசுக்கு மாத்தலாம். அவர் இருக்கும்போதே 70 வயசு ஆகிட்டாலோ, 25 வருசம் அந்தத் துப்பாக்கியை வெச்சிருந்தாலோ, ஒரு வாரிசைச் சொல்லி அவர் பேருக்கு லைசன்ஸ் கேக்கலாம். கேட்டதும் குடுத்துருவாங்கன்னு சொல்ல வரல, விசாரணையெல்லாம் இருக்கு. ஆனா விக்கறது ஒண்ணுதான் வழின்னு எவனும் உங்களை அவசரப்படுத்த முடியாது.

பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கறவங்களுக்கு வேற கண்ணி. டிராக்டர் எக்ஸ்சேஞ்சுல பாத்திருப்பீங்க, பழைய வண்டிக்கு நம்ம எதிர்பாத்ததுக்கு மேலயே போடுவான். புது வண்டி விலையில, இன்சூரன்ஸ்ல, உதிரிச் சாமான்ல அதை எடுத்துருவான். இங்கேயும் அதேதான். "உங்க பழசுக்கு இருபது போட்டுக்கறேன்"னு சொன்னதும் மயங்கிடாதீங்க. பழசைப் பத்திப் பேசாம முதல்ல புதுசுக்கு ரொக்க விலை என்னன்னு கேட்டு எழுதி வாங்குங்க. அரசுத் தொழிற்சாலைச் சரக்குன்னா தொழிற்சாலை விலை என்னன்னு தனியா விசாரிங்க. தெரிஞ்சுக்குங்க, நம்ம திருச்சியிலயே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு, 12 போர் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கி அங்கே செஞ்சிருக்காங்க. புதுசு விலை முடிஞ்சதுக்கு அப்பறம்தான் பழசை மேசை மேல வைக்கணும். ரெண்டையும் கலந்து பேசவிட்டா கணக்கு அவர் பக்கம்தான் சாயும்.

"துப்பாக்கிக்கு என்னய்யா நியாய விலை, ஊரை விட்டு ஒழிஞ்சாச் சரி"ன்னு சில பெரிய மனுசங்க சொல்றாங்க. ஒழியறது இல்லீங்களே! கடையில ரெண்டாயிரம்தான்னு தெரிஞ்சா, லைசன்ஸ் இல்லாதவன் ராத்திரியில வந்து பத்தாயிரம் தர்றேன்னு சொல்லும்போது சபலம் தட்டும். அது ஜெயிலுக்குப் போற வழி, குடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சேர்த்து. நான் சொல்ற நேரடி விற்பனை லைசன்ஸ் உள்ளவருக்கு, எழுத்துல தெரிவிச்சுட்டு, பதிவோட. அதைத் தவிர வேற எதுவும் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கள்ளத் துப்பாக்கிங்களை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அறிவிச்சா, ராத்திரியோட ராத்திரியா ஊர்ப் பொது இடத்துல கொண்டாந்து போட்டுட்டுப் போற சேதி பேப்பர்ல வரும். ரிஜிஸ்தர்ல இல்லாத துப்பாக்கி அப்படித்தான் அலையும். லைசன்ஸ் துப்பாக்கியும் அந்தப் பக்கம் நழுவாம இருக்கணும்னா, நேர்வழியில வர்றவனுக்கு நேர் விலை கிடைக்கணும். இதை நான் சொல்லிப் போலீஸுக்குப் புரியணும்னு இல்ல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. வாங்கின விலை, வித்த விலை ரெண்டுமே கடைக்காரர்கிட்ட இருக்கு. லைசன்ஸை ரத்து பண்ண வர்றவங்களுக்கு, துப்பாக்கியை டெபாசிட் பண்ண வர்ற வாரிசுங்களுக்கு, கலெக்டர் ஆபீஸ்ல தமிழ்ல ஒரு பக்கத் தாள் குடுக்கட்டும். டெபாசிட்னா விற்பனை இல்ல, இத்தனாம் தேதி வரைக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு, நேராவும் விக்கலாம், 45 நாள் முன்னாடி தெரிவிங்க. இந்த நாலு வரி போதும். டெபாசிட்டுக்கு வாடகை உண்டுன்னா எவ்வளவுன்னு ரசீதுலயே போடட்டும். போடாத வாடகையை மூணு வருசம் கழிச்சுக் கேக்கறதை யாராவது தட்டிக் கேக்கட்டும். போன மாசம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துல இதை எழுந்து சொன்னேன். பின் வரிசையில ரெண்டு பேர் சிரிச்சாங்க. மேடையில இருந்தவர் "இது வேளாண்மை சம்பந்தப்பட்டது இல்லையே"ன்னாரு. பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதித்தானே எங்க தாத்தனுக்கு அந்த லைசன்ஸைக் குடுத்தீங்க, அப்ப மட்டும் அது வேளாண்மையான்னு கேட்டேன். மனுவை வாங்கி வெச்சாங்க. இந்த மாசமும் குடுக்கறேன்.

45 நாள் தகவல் எப்படி எழுதறதுன்னு நாலு பேர் போன்ல கேட்டிருக்காங்க. அத்தைக்கு எழுதினதோட நகல் என்கிட்ட இருக்கு. விக்கறவர் பேர், லைசன்ஸ் நம்பர், யு.ஐ.என். நம்பர், துப்பாக்கி வகை, செஞ்சவங்க பேர், துப்பாக்கி நம்பர், வாங்கறவர் பேர், விலாசம், அவரோட லைசன்ஸ் விவரம். ஒரு பக்கத்துக்குள்ள முடிஞ்சுரும். ரெண்டு நகல் எடுத்து, ஒண்ணுல ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்காம வெளியே வரக்கூடாது. அந்தத் தேதியில இருந்துதான் 45 எண்ணணும். நேர்ல வர்றவங்க லைசன்ஸ் புத்தகமும் டெபாசிட் ரசீதும் எடுத்துக்கிட்டு வாங்க, துப்பாக்கியைக் கொண்டு வராதீங்க. காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு எட்டு மணிக்கு மேல தோட்டத்துச் சாளையிலதான் இருப்பேன். புதன்கிழமை மட்டும் சந்தைக்குப் போயிருவேன்.